நாலாவது ஒட்டு

ரிப்பேர்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தேறாத போனைக் கையில் வாங்கி அரை நிமிஷம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிற ஆள். பக்கத்துக் கடைக்காரர்கள், இந்த மனுஷன் உருப்பட்ட மாதிரிதான் என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவர் எட்டு மாதமாகத் தன் பெண்டாட்டிக்கும் பெற்ற பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆகவேண்டும். நடந்தது அதுதான்.

அவர் மனைவிக்கு நரம்பு வியாதி. முதலில் கால் தடுக்கியது. செருப்பு சரியில்லை என்றாள். பிறகு நாக்கு குழறியது. பல் டாக்டரிடம் போனார்கள். எல்லாம் போய்ச் சேரவேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தபோது பெரிய டாக்டர் படம் போட்டுக் காட்டினார்: கால், நாக்கு, கை, கடைசியில் மூச்சு. மருந்து உண்டா என்று கேட்டதற்கு, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். அவளுக்குப் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகிறது. இருபது வருஷம் அந்த வீட்டில் யாரையும் பேசவிடாமல் பேசியவள்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். ரேடியோவுக்கும் கால்குலேட்டருக்கும் உள்ளே வைக்கிற பச்சைச் சர்க்யூட் பலகைகளைச் செய்கிற இடம். அவர் ஈயம் வைத்து ஒட்டுகிற வரிசையில், ஏழாம் நம்பர் மேஜை. அவள், ஒட்டி வந்த பலகைகளை லென்ஸ் வைத்துப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொல்கிறவள். பதினாலு வருஷம் அந்த நாற்காலி. கண்ணாடிக்காரி என்று பெயர். அவள் கண்ணுக்குத் தப்பிய ஒட்டு கிடையாது. வரிசையில் இருந்த ஆம்பிளைகள் எல்லாருக்கும் அவளைக் கண்டால் வயிற்றில் புளி கரைக்கும். ஒரு நாள் சூப்பர்வைசரிடம், "ஏழாம் நம்பர் பலகையை எங்கிட்ட அனுப்பி ஏன் நேரத்தை வீணாக்குறீங்க, அதுல பார்க்க ஒண்ணுமே இல்ல" என்று சொன்னாளாம். காதல் கடிதம் என்றால் அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கே மயங்கிப் போய்விட்டார்.

பேச்சு போனதும் அவளுக்காக அவர் தேடிப் பிடித்தது ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர். லினக்ஸ் என்கிற மென்பொருளில் ஓடுவது. உள்ளங்கை அகலத் திரை, அதற்குக் கீழே பட்டாணி அளவில் நிஜமான பொத்தான்கள். கண்ணாடித் திரை போன் அவளுக்கு உதவவில்லை. விரல் வழுக்கி ஒன்றைத் தொட்டால் ஒன்பது வந்து நின்றது. பொத்தான் என்றால் கட்டை விரலைப் படியவைத்து அமுக்கலாம், அமுங்கியது என்று விரலுக்கே தெரியும். அவள் அடிப்பதைச் சத்தமாகப் படிக்கிற நிரலை அதில் ஏற்றிக் கொடுத்தார். தட்டையான ஒரு பெண் குரல். கோபம், கொஞ்சல், எதுவும் அதற்குக் கிடையாது. ஒவ்வொரு தட்டுக்கும் பாடுபட வேண்டியிருந்ததால் அவள் கல்யாணமான நாளாகச் சொல்லிவந்த 'நீங்க'வை விட்டுவிட்டு 'நீ'க்கு வந்துவிட்டாள். மூணு தட்டு மிச்சம் என்றாள். அவருக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது.

அந்த எந்திரத்தில் ஒரே குறை, அதற்குள் வயர்லெஸ் கிடையாது. பக்கவாட்டில் ஒரு குச்சியைச் செருகித்தான் நெட்டுக்குப் போகவேண்டும். அந்தக் குச்சி அவள் உள்ளங்கை பிடிக்கிற இடத்திலேயே துருத்திக்கொண்டு நின்றது. ஒரு முறை கட்டில் கம்பியில் இடித்து வளைந்தது. மறுமுறை இடித்தபோது செருகுகிற துளையையே பெயர்த்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு மெமரி கார்டுதான் வழி. மகளுக்கு எழுத வேண்டியதை அவள் எழுதி வைப்பாள். காலையில் அவர் கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்குப் போவார். கடைக் கம்ப்யூட்டரில் செருகிக் கடிதத்தை அனுப்புவார். மகள் எழுதியதைக் கார்டில் ஏற்றிச் சாயங்காலம் கொண்டுவந்து கொடுப்பார்.

மகள் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். எஞ்சின் அறையில் இருக்கிற ஒரே பெண். அப்பாவின் கையும் அம்மாவின் கண்ணும் சேர்ந்து வாய்த்தவள்.

முதலில் வெட்டியது ஒரே ஒரு வரி. 'நேத்து காபி மூக்குல ஏறிடுச்சு, மூச்சு நின்னுடும்னு நெனச்சேன்' என்று மனைவி எழுதியிருந்தாள். நடுக்கடலில் இருக்கிற பிள்ளை இதைப் படித்துவிட்டு என்ன செய்வாள் என்று நினைத்தார். அந்த வரியை எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பினார். அடுத்த வாரம் இரண்டு வரி. டாக்டர் சொன்னதை மறைக்காமல் எழுது என்று மகள் கேட்டபோது, அந்தக் கேள்வி வீட்டுக்கு வரும் கார்டில் இருக்கக்கூடாது என்றாயிற்று. ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் தைக்கத்தானே வேண்டும்! மூன்றாவது மாதத்தில் அவர் இரண்டு பேருக்காகவும் எழுதிக்கொண்டிருந்தார். மகள் மாதிரி மனைவிக்கு, மனைவி மாதிரி மகளுக்கு. இரண்டு பேரும் எப்படி எழுதுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் பத்து மாதத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா, வந்துவிடட்டுமா, நீ சொல்வதுதான் என்று மகள் அம்மாவைக் கேட்டிருந்தாள். இதை மட்டும் வெட்டாமல் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் புண்ணியத்தை அவர் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். கண்ணாடிக்காரி ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பதில் அடித்தாள். 'போடாதே. வா. கை இருக்கும்போதே உன்னைத் தொடணும்.' அவ்வளவுதான்.

கடையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, டீ ஆறி ஆடை படரும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அழித்தார். 'போடு. நான் நல்லா இருக்கேன். அப்பா பாத்துக்கிறார்' என்று அடித்து அனுப்பினார். சாயங்காலம் மகள் எழுதியதாக அவர் கார்டில் ஏற்றிக் கொண்டுபோனது இது: 'போட்டுட்டேம்மா. கம்பெனியில விடல. அடுத்த தடவை பார்க்கலாம்.' கண்ணாடிக்காரி அதை இரண்டு தடவை படித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு மகளை வா என்று அவள் கூப்பிடவே இல்லை.

ஏன் செய்தார்? கேட்டிருந்தால், கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டால் அந்தப் பெண்ணை மறுபடி கப்பலில் சேர்ப்பார்களா என்று சொல்லியிருப்பார். அது சும்மா. மகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருகிறாள் என்றால் கடைசி நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் வராதவரை இந்த வீட்டில் யாரும் சாகப்போவதில்லை. உள்ளே ஓடியது அந்தப் பயம்தான். பயந்த மனுஷன் செய்கிற அநியாயத்துக்கு அளவே கிடையாது.

இப்படியே போயிருக்கும், அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் விழாமல் இருந்திருந்தால்.

சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் கால் மடங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. எந்திரம் கழுத்துப் பட்டையில் தொங்கியது. 'விழுந்துட்டேன்' என்று அடித்தாள். எந்திரம் சொன்னது. அதன் சத்தம் தெரு வரைக்கும் எட்டாது. மறுபடி அமுக்கினாள். இரண்டு மணி நேரம், யாரும் இல்லாத வீட்டில், அந்தத் தட்டைக் குரல் "விழுந்துட்டேன், விழுந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கிடந்தது. மாடியில் குடியிருந்த பேக்கரி அக்கா முதல் ஷிப்ட் முடிந்து ரொட்டிப் பையோடு படியேறும்போது, இது என்ன ஓயாமல் ஒரே சத்தம் என்று எட்டிப் பார்த்ததால் தெரிந்தது.

கடையைப் பூட்டாமல் ஓடிவந்தவரை அக்கா நிற்க வைத்துக் கேட்டாள்.

"தம்பி, ஊர்ல இருக்கிற போனையெல்லாம் பேச வைக்கிற. வீட்ல இருக்கிறவ கூப்பிட ஒரு வழி பண்ணி வைக்கத் தோணலியா உனக்கு?"

அவர் கண்ணாடிக்காரியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். ஈரத் துணியால் அவள் முழங்கையைத் துடைத்தார். அவள் கட்டை விரல் வெகுநேரம் பொத்தான்களில் ஊர்ந்தது.

"உள்ள வை," என்றது எந்திரம். "வயர்லெஸ் உள்ள வை."

உள்ளே இடமில்லை என்றார். பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்றார். பொத்தான்களுக்குப் பின்னால் தகரத் தகடு இருக்கிறது, ஆன்டெனா வேலை செய்யாது என்றார். பெயர்ந்து போன துளைக்கு வந்த நாலு செம்புத் தடமும் பலகையில் சும்மாதானே இருக்கிறது என்று அவள் அடித்தாள். ஆன்டெனாவை மேல் விளிம்புக்குக் கொண்டுபோ, அங்கே தகடு கிடையாது என்றும் அடித்தாள். பதினாலு வருஷம் பலகை பார்த்தவளிடம் போய்ச் சாக்குச் சொன்னால்? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். சரி, செய்கிறேன் என்றார். உள்ளே வயர்லெஸ் வந்துவிட்டால் கார்டு வேண்டாம். கார்டு வேண்டாம் என்றால் அம்மாவும் மகளும் நேருக்கு நேர்.

மறுநாள் கடையில் வேலையை எடுத்தார். தெருவில் அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. வாடிக்கை இல்லை. எந்திரத்தின் ஆறு திருகுகளையும் கழற்றி, விளிம்பில் நெம்புதகட்டை ஓட்டி, அதை இரண்டாகப் பிளந்தார். பேட்டரிக்குப் பக்கத்தில், ஓட்டின் உள்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் முட்டு இருந்தது. அதை அரம் வைத்து ராவினால் ஒரு நகத்தின் அகலத்துக்கு இடம் வந்தது. குச்சியின் மேலோட்டை உடைத்து, செருகுமுனையைச் சூடு காட்டிக் கழற்றியதில் மிஞ்சிய பலகை அந்த இடத்தில் படுத்துக்கொண்டது. அடியில் மஞ்சள் டேப். பிறகு கம்பி. பட்டுநூல் மாதிரி எனாமல் கம்பி நாலு துண்டு. இரண்டு கரண்டுக்கு, இரண்டு தகவலுக்கு. தகவல் கம்பி இரண்டும் ஒரே நீளம் இருக்கவேண்டும், ஒன்றையொன்று முறுக்கிப் போகவேண்டும், இல்லாவிட்டால் ஒன்று முந்தி ஒன்று பிந்தி எல்லாம் குழம்பும். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் அரிசிக் குருணையைவிடச் சின்னதாக ஈயத்தை வைத்து ஒட்டினார். கை ஆடவில்லை. ஐம்பத்து மூன்று வயதிலும் அந்தக் கை ஆடாது. ஆன்டெனா வாலை மேல் விளிம்புக்கு இழுத்து ஒரு சொட்டுப் பசையில் நிறுத்தினார்.

பேட்டரியை மாட்டி உயிர் கொடுத்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. உள்ளே புதிதாக ஒரு சாதனம் வந்திருக்கிறது என்று எந்திரமே கண்டுகொண்டது. கடை நெட்டைப் பிடித்தது. முதல் தடவையிலேயே. வேறொரு நாளாக இருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

அரை மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டது. ஒரு பெண் உடைந்த சார்ஜரைக் கொண்டுவந்தாள், நாளைக்கு வாங்க என்றார். பிறகு மறுபடி பேட்டரியைக் கழற்றினார். சூட்டுக்கோலை எடுத்தார். நாலு ஒட்டில் கடைசி ஒட்டை, தகவல் கம்பியில் ஒன்றை, மறுபடி உருக்கினார். ஈயம் உறைகிற நேரத்தில் ட்வீசரால் கம்பியை லேசாக அசைத்தார்.

இதற்கு டிரை சால்டர் என்று பெயர். ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. எந்திரம் கொஞ்சம் சூடானதும் விட்டுப்போகும், ஆறினால் சேரும். கற்றுக்குட்டிகள் தெரியாமல் செய்வது. தெரிந்தே செய்தவர் அந்தத் தொழிலில் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். அதுவும் எதற்கு? கட்டின பெண்டாட்டி தரையில் விழுந்து கிடந்தால் கூப்பிட முடியாமல் இருப்பதற்கு. அப்படி அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் செய்திருக்க மாட்டார். கடிதத்தை மட்டும்தான் நினைத்தார்.

வீட்டில் பத்து நிமிஷம் வேலை செய்தது. பேக்கரி அக்காவுக்கு ஒரு சோதனைச் செய்தி போயிற்று, அக்கா மாடியிலிருந்து "வந்துச்சு, வந்துச்சு" என்று கத்தினாள். அடுத்தது போகவில்லை. திரையில் நெட் இல்லை என்று வந்தது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான்தான் சொன்னேனே, அந்தத் தகடு விடாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்தது, போயிற்று. கண்ணாடிக்காரி, சூடானால் போகிறது, ஆறினால் வருகிறது என்பதை ஒரு மத்தியானம் முழுக்க எந்திரத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திற," என்றது எந்திரம், காலையில். "நான் பாக்கணும்."

எதற்கு உனக்கு இந்தச் சிரமம், நானே பார்த்துச் சரிபண்ணிக் கொண்டுவருகிறேன் என்றார். அவள் திரும்பவும் அதே பொத்தானை அமுக்கினாள். திற. நான் பாக்கணும். பேக்கரி அக்காவும் கூடச் சேர்ந்து, கடைக்குப் போய்ட்டுத்தான் வரட்டுமே, வெயில் பட்டு எத்தனை நாளாச்சு என்றாள். சக்கர நாற்காலியில் வைத்து இரண்டு தெருவும் தள்ளிக்கொண்டு போனார். குழியில் சக்கரம் இறங்காமல் பார்த்துப் பார்த்துத் தள்ளினார். பழக் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

கடையில் எந்திரத்தைப் பிளந்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். விளக்கைப் போட்டார். குனிந்தால் அவளுக்குக் கழுத்து நிற்காது. ஆகவே பின்னால் நின்று இரண்டு கையாலும் அவள் தலையைத் தாங்கி, கண்ணைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். தான் செய்த களவைப் பார்க்கத் தானே அவள் தலையைப் பிடித்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவள் மூச்சு சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தது அவர் உள்ளங்கையில் தெரிந்தது. தலைமுடியில் சோப்பு வாசனை.

முதல் ஒட்டு. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, ஓரம் சரிவாக இறங்கிப் பலகையோடு கலந்திருக்கும். இரண்டாவது அப்படியே. மூன்றாவதும். நாலாவதில் அவள் நின்றாள். மங்கல். சாம்பல் பூத்த மாதிரி, மேலே பொரிப்பொரியாக. அவள் தலை அசையவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். அவருக்குக் கை வலித்தது, எடுக்கத் தைரியமில்லை.

பிறகு தலையைப் பின்னால் சாய்த்தாள். பலகை திறந்து கிடந்தாலும் பேட்டரி மாட்டியே இருந்தது. அவர் எந்திரத்தைத் தூக்கி அவள் கட்டை விரலுக்குக் கீழே பிடித்தார். அவள் அடித்தாள்.

"மூணு உன் கை. நாலாவது யார் கை?"

கை நடுங்கிவிட்டது என்றார். வயசாகிறது, கண்ணும் முன்ன மாதிரி இல்லை என்றார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழாம் நம்பர் மேஜையின் பலகைகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவள். தன் கையைத் தூக்கி அவர் கையின் மேல் போட்டாள். போட்ட கைதான் ஆடியது. கீழே இருந்த கை கல் மாதிரி இருந்தது.

"ஒட்டு. நான் பாக்கறேன்."

ஒட்டினார். அவள் தலையைச் சுவரில் சாய்த்துத் தலையணை வைத்துவிட்டு, அவள் பார்க்கப் பார்க்க பழைய ஈயத்தைத் துடைத்தெடுத்து, புதிது வைத்து, மூச்சுப் பிடித்து ஒட்டினார். மறுபடி அவள் தலையைப் பிடித்துக் காட்டினார். பார்த்தாள். சரி என்று கண்ணை மூடித் திறந்தாள். தேறிவிட்டது என்று மெச்சினாற்போல இருக்கும் முன்பெல்லாம் அந்தக் கண்மூடல். அன்றைக்கு அப்படி இல்லை.

மேலோட்டை மூடிக் கொடுத்ததும் அவள் செய்த முதல் காரியம் மகளுக்கு எழுதியது. அவருக்குக் காட்டவில்லை. அவர் கடை வாசலுக்குப் போய்ச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிவிடலாமா என்றிருந்தது. எங்கே ஓடுவது?

கப்பல் நெட் ஆமை. முக்கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. அவள் படித்தாள். பிறகு சத்தமாகப் படிக்கிற பொத்தானை அமுக்கினாள். அது அவளுக்கென்று வைத்த குரல். அதனால் மகள் கேட்டது அவளே கேட்பது மாதிரி இருந்தது.

"அம்மா நீயேவா எழுதுற. வா வான்னு இப்ப சொல்றியேம்மா. கையெழுத்துப் போடு, நான் நல்லா இருக்கேன்னு நீதானே எழுதின. நான் வரட்டுமான்னுதானே கேட்டேன். நேத்துதான் கரையை விட்டோம். அடுத்த கரைக்கு இருபத்தாறு நாள் ஆகும்மா."

கண்ணாடிக்காரி அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்ததைப் பார்ப்பதற்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

"எத்தனை மாத்தின?"

"ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு," என்றார். "அப்புறம் எல்லாம்."

"அவ எழுதினது?"

"அதுவும்."

அவள் அழுதாள். அந்த வியாதிக்காரர்களுக்கு அழுகையை அடக்க முடியாது, வாய் கோணிக்கொள்ளும், சத்தம் வேறு மாதிரி வரும். அவர் துடைக்கப் போனார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளால் முகத்தைத்தான் திருப்ப முடிந்தது, அதுவும் கொஞ்சம்தான். அதனால் அவர் துடைத்தார்.

அன்றிலிருந்து அம்மாவும் மகளும் காலையிலிருந்து சாயங்காலம்வரை எழுதிக்கொண்டார்கள். அவரிடம் பேச்சு தண்ணி, திருப்பு, வலிக்குது, இந்த அளவுக்கு வந்துவிட்டது. தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்கவேண்டும். கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். முட்டையை மசித்துக் கொடுத்தார். பாதி வெளியே வந்தது. மகள் அவருக்கும் எழுதினாள், மூச்சு அளவு என்ன, இன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டாள், மறைக்காமல் சொல்லுங்கள் என்று. கோபமே இல்லாத கடிதம். அப்படியானால் அவளுக்கு இன்னும் தெரியாது. அவருக்கு அது திட்டு வாங்குவதைவிடக் கொடுமையாக இருந்தது.

ஐந்தாம் நாள், தலை அலசிவிடும்போது கேட்டே விட்டார்.

"அவகிட்ட சொல்லிட்டியாம்மா?"

எந்திரத்தை எடுத்துவரச் சொல்லிக் கண்ணால் காட்டினாள். ஈரத் தலையோடு அடித்தாள்.

"நீ சொல்லு. செஞ்சது உன் கை."

சொல்லத்தான் பார்த்தார். கடையில் உட்கார்ந்து 'அம்மாடி, ஒரு விஷயம்' என்று ஆரம்பிப்பார். அழிப்பார். மற்றவர்கள் மாதிரி பக்கம் பக்கமாக எழுத வந்த ஆளுக்குத் தன் மாதிரி ஒரு வரி எழுத வரவில்லை. ஒன்பதாம் நாள் டாக்டர் வீட்டுக்கே வந்து குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். வாசலுக்குக் கூட்டிப் போய், பத்து நாள், மிஞ்சிப் போனால் இரண்டு வாரம், அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் என்றார். கப்பல் கரை சேர அன்றைக்குப் பதினேழு நாள் இருந்தது. அதை மகளுக்கு மறைக்காமல் எழுதினார். அதை எழுத முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை கட்டை விரல் அமுங்கவில்லை. பொத்தானின் மேல் கிடந்தது, அவ்வளவுதான். அவள் அதையே பார்த்தாள். பேக்கரி அக்கா கேக் பெட்டி அட்டையை வெட்டி, அதில் எழுத்துக்களை வரிசை வரிசையாகப் பெரிதாக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் விரலை ஒவ்வொரு வரிசையாக வைத்துக்கொண்டே போகவேண்டும். வேண்டிய வரிசையில் அவள் கண்ணை மூடித் திறப்பாள். பிறகு அந்த வரிசையில் எழுத்து எழுத்தாக. கிடைத்ததை அவர் எந்திரத்தில் அடிக்கவேண்டும். மறுபடி எல்லாம் அவர் கை வழியாகத்தான்.

மகளுக்கு என்று கண்ணால் காட்டினாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தைக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. 'அன்னைக்கு' என்று வந்தது. 'போடுன்னு' என்று வந்தது. அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. விரல் அட்டையில் நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். கண்ணை எடுக்கவில்லை. அவர் விரல் மறுபடி நகர்ந்தது. 'எழுதினது.' 'நான்.' 'இல்ல.' கடைசி வார்த்தைக்கு அவர் அட்டையைக் காட்டவே தேவையில்லை. இருந்தும் காட்டினார். அ என்ற எழுத்தில் கண் மூடித் திறந்தது. மூன்று எழுத்தும் ஒவ்வொன்றாக வந்தது.

'அன்னைக்கு போடுன்னு எழுதினது நான் இல்ல. அப்பா.'

திரையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். பலகை பார்க்கிற மாதிரி முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். கண்ணை மூடித் திறந்தாள். அனுப்பினார். எழுந்து போய்ப் பால் காய்ச்சினார். பொங்கி வழிந்தது, அடுப்பைத் துடைத்தார்.

மத்தியானம்தான் பதில் வந்தது. எந்திரத்தைப் படிக்க விடாமல் அவரே வாய்விட்டுப் படித்தார்.

"அப்பா, அம்மா சொல்றதை இனிமே அப்படியே அடிங்க. ஒரு எழுத்துகூட விடாதீங்க. உங்ககிட்ட நான் அப்புறம் பேசுறேன்."

படித்து முடித்துவிட்டு, வேறு ஏதாவது சொல்லுவாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அட்டையைப் பார்த்தாள். அவர் விரலை முதல் வரிசையில் வைத்தார். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் இரண்டு வாக்கியம் வந்தது.

'நீ வர்ற வரைக்கும் இருக்கப் பாக்கறேன். இருக்க மாட்டேன்னு தோணுது.'

முன்பெல்லாம் என்றால் இரண்டாவது வாக்கியம் வீட்டு வாசலைத் தாண்டியிருக்காது. அவர் இரண்டையும் அடித்திருந்தார். அவளிடம் காட்டினார். ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. அனுப்பினார்.